திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி

போன வருடம் பத்து நாள் இத்தாலி போவதற்காக ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தேன். கூடவே ஒரு கடிதம் வைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் நான் எழுதியதன் மூன்றாவது பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் தாயார் திருநெல்வேலியில் தனியாக வசிக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. ஆகவே நான் கட்டாயம் திரும்பிவிடுவேன்."

அதை எழுதியபோது அம்மாவை நேரில் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்தான்.

பொய் எழுதினேனா? அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை.

ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம். எல்லைச் சோதனைகளை ஒழிக்கலாம் என்று 1985இல் ஐந்து நாடுகள் அங்கேதான் கையெழுத்திட்டன. நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஃபைல்தான் ஞாபகம் வருகிறது. விண்ணப்பித்தவர் விசா முடிவதற்குள் கிளம்பிவிடுவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தால் மறுக்கலாம் என்கிறது அவர்கள் சட்டம். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் கறார்: சுற்றுலா விசா கேட்பவர் குடியேற வருபவர் என்றே முதலில் கருதப்படுவார். அப்படியில்லை என்று அவர்தான் நிறுவ வேண்டும்.

இன்னும் நடக்காத ஒரு செயலை எப்படி நிறுவுவது? மனசுக்குள் இருப்பதை ஸ்கேன் எடுத்து இணைக்க முடியாது. அதனால் அதற்குப் பதிலாக வேறு எதையாவது அளக்கிறார்கள்: சம்பளச் சீட்டு, வீடு, கல்யாணம், வங்கிக் கணக்கு. எங்கள் தொழிலிலும் இதே கதைதான். மென்பொருள் நன்றாக இருக்கிறதா என்று அளக்கத் தெரியாதபோது எத்தனை டிக்கெட் மூடினோம் என்று எண்ணுவோம். எண்ணப்படுவது எது என்று தெரிந்ததும் ஆட்கள் அதைத் தயாரிக்க ஆரம்பிப்பார்கள். மச்சானிடம் நாலு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும், அதனால்தான் பல மாத ஸ்டேட்மெண்ட் கேட்கிறார்கள். இத்தனைக்கும் அந்த நாடுகள் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விசா முடிந்தும் தங்கிவிடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் என் நண்பன் ஒருவன் தெருக்கூத்து ஆடுகிறவன். வாடகை அறை, கல்யாணம் ஆகவில்லை, சம்பளச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. ஊரை விட்டு ஒரு வாரம் இருந்தால் முகம் வாடிவிடும். அவனுக்கு மறுத்துவிட்டார்கள். கட்டிய 90 யூரோவும் போச்சு. ரெண்டு வருடமாக ராத்திரியில் பெர்லின் வேலைகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குப் பன்னிரண்டு நாளில் விசா வந்தது.

அம்மாவிடம் வீட்டுவரி ரசீது கேட்டிருந்தேன். எதுக்கு என்றாள். கடிதத்தைப் போனிலேயே தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்க. திரும்பி வந்துருவேன்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்துட்ட. எனக்கு எப்பம் எழுதிக் குடுப்ப?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்துவிட்டு, ரசீதின் ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.