காசு கொடுத்து வாங்கும் கஷ்டம்

மூன்று மாதமாக ஒரு பொம்மைக் காரை வாங்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். காசு பிரச்சினை இல்லை. ரேடியோ கண்ட்ரோல் பக்கி என்பது முடிவாகிவிட்டது. எட்டில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரமும் இழுக்கும், மண் தடத்தில் ஓடும். பேட்டரியில் ஓடுவதா, நைட்ரோவில் ஓடுவதா என்பதில்தான் நிற்கிறேன். கடைக்காரரிடம் கேட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க அது வேறு கேள்வியாக மாறிவிட்டது. தேவையில்லாத கஷ்டத்தை ஒருவன் விரும்பித் தேர்ந்தெடுப்பது சரியா?

பேட்டரி பக்கியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சார்ஜ் பண்ணணும், மாட்டணும், ஓட்டணும். பிரஷ்லெஸ் மோட்டார் வந்தபிறகு வேகத்திலும் அது நைட்ரோவுக்குச் சளைத்ததில்லை.

நைட்ரோ அப்படியில்லை. எஞ்சின் 3.5 சிசிதான், ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது. சில கலவைகளில் நம் வீட்டு விளக்கெண்ணெயும் உண்டு. புது எஞ்சினை வாங்கிய அன்றே விரட்ட முடியாது. சிலிண்டரின் மேல்பக்கம் மயிரிழை குறுகலாக இருக்கும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் அங்கே இறுகிப் பிடிக்கும். சூடேற்றி, எரிபொருளைத் தாராளமாக விட்டு, சில டாங்குகளாவது பொறுமையாக ஓட்டிப் பழக்கணும். அதற்குப் பிறகு கார்புரேட்டர் ஊசி இருக்கிறது. நம் ஊர் மத்தியான வெயிலுக்குத் திருகி வைத்தது சாயங்கால மழைக்குப் பிறகு ஒத்துவராது. பந்தய பக்கியின் டாங்க் 125 சிசி. பத்து நிமிடம் போல ஓடும். ஓடி முடித்ததும் மிச்சத்தை வடித்து, உள்ளே எண்ணெய் விடணும். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். விட்டுவைத்தால் துரு.

புத்தியுள்ளவன் பேட்டரிதான் வாங்குவான். எனக்கு நைட்ரோதான் வேணும்.

இந்த ஆசைக்கு ஒரு நியாயம் பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதியிடம் கிடைத்தது. 1978இல் வந்த ‘தி கிராஸ்ஹாப்பர்’ நூலில் விளையாட்டு என்றால் என்ன என்பதற்கு அவர் ஒரு வரையறை தருகிறார். தேவையில்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்று, அவற்றைத் தாண்டப் பார்ப்பதுதான் விளையாட்டு என்பது அதன் சாரம். செப்பாக் தக்ராவை நினைத்துப் பாருங்கள். பந்தைக் கையில் பிடித்து வலைக்கு அந்தப் பக்கம் போடுவது எவ்வளவு சுலபம்! ஆனாலும் காலைத் தலைக்கு மேல் தூக்கி உதைக்கிறோம். தடையை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. நைட்ரோவும் அப்படித்தான். பக்கி சுற்றி வருவது மட்டும் போதுமென்றால் பேட்டரி போதும். அந்த ஊசியோடு மல்லுக்கட்டுவதும் எனக்கு ஆட்டத்தில் சேர்த்திதான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் லோரி பட்டறையில் வேலை செய்தவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார். “நான் கரி பூசிக்கிட்டதே நீ பூசிக்கக் கூடாதுன்னுதான்டா. நீ காசு குடுத்துப் பூசிக்கிறேங்கிற” என்றார்.

அவர் கோபப்படவில்லை. ஆனால் சூட்ஸின் வரையறையில் ‘விரும்பி’ என்ற சொல் எவ்வளவு கனமானது என்று அப்போதுதான் உறைத்தது. அதே எண்ணெய், அதே கரி, அதே திருப்புளி. எனக்கு அலுத்தால் மூடி வைத்துவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கப் போவேன். அவருக்கு அந்தக் கதவு இல்லை. திங்கட்கிழமை காலையில் கை வலித்தாலும் போகணும், வீட்டு வாடகை நிற்காது.

நம்மில் பலருக்குக் கஷ்டமான பொருள்மீது ஒரு மயக்கம் இருக்கிறது. ஃபிலிம் கேமரா, இசைத்தட்டு, கையால் அரைத்த காப்பி. அதுதான் ‘உண்மையானது’ என்கிறோம். அம்மியில் அரைத்த சம்பலின் ருசியே தனி என்று சொல்பவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அவர்களில் அம்மியில் உட்கார்ந்து தினமும் அரைத்தவர்கள் எத்தனை பேர்? பாட்டிக்கு மிக்சி வந்த நாள் விடுதலை நாள். விலகிப்போகும் வசதி உள்ளவன், விலக முடியாதவர்களின் உழைப்பிலிருந்து மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக என் ஆசை பொய் என்றும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஓடாத மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் அப்பா காசு வாங்காமல் பிரித்துப் போடுவார். எஞ்சின் பிடித்த நொடியில் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். உழைப்புக்குள்ளும் அந்த ஒரு துளி விளையாட்டு இருந்தது. சம்பளமும் கடனும் அதை மூடியிருந்தன. நான் தேடுவது அந்தத் துளியைத்தான். அதைத் தேடுவது அவரை அவமதிப்பதாகாது.

‘விரும்பி’ என்ற சொல் இன்னொரு பக்கமும் வெட்டுகிறது. நைட்ரோ எஞ்சின் வரிசை வீடுகளுக்கு நடுவே கத்தினால், இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தடைதான். அவர் அதை விரும்பி ஏற்கவில்லை. மெத்தனால் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. வேடிக்கை பார்க்க ஓடிவரும் தாமான் பிள்ளைகள் அந்த ஆபத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள் இல்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட கஷ்டம் விளையாட்டு. கேட்காதவன் தலையில் வைத்தால் அது தொல்லை.

ஆக, நைட்ரோவையே வாங்கப்போகிறேன், மூன்று நிபந்தனைகளோடு. அதை ஓட்டுவதற்கென்று இருக்கும் தடத்தில் மட்டும் ஓட்டுவேன். எரிபொருள் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி இருக்கும். பக்கத்தில் பேட்டரி பக்கி ஓட்டுபவரை ‘பொம்மைக்காரர்’ என்று மனசுக்குள்ளும் சொல்லமாட்டேன், ஏனென்றால் நான் ஓட்டுவதும் பொம்மைதான். இதில் ஒன்று முடியாமல் போனாலும், பேட்டரி வாங்க அதே கடைக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான்.