வஞ்சனையும் திருநாமமும்

பிறரை ஏமாற்றுதலைக் குறிக்கும் சொற்களைச் சற்று ஆராய்ந்தால் அப்பாபத்தின் ஸ்வரூபம் விளங்கும்.

ஸம்ஸ்க்ருதத்தில் 'வஞ்ச்' என்னும் தாதுவுக்குக் கோணலாகச் செல்லுதல் என்பது ஒரு பொருள். அதினின்றே வஞ்சனை பிறந்தது. தமிழில் களவு, கள்ளம் என்னும் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஆயினும் வேற்றுமை உண்டு. திருடன் பூட்டை உடைக்கிறான். வஞ்சகனோ உடையவனைக் கொண்டே கதவைத் திறப்பிக்கிறான். ஆகையால் உலகம் எதை நம்புமோ அவ்வேஷத்தையே அவன் தரிக்கிறான். ராவணன் பிராட்டியிடம் அரசனாக வரவில்லை; ஸந்ந்யாஸியாக வந்தான்.

அப்படியாயின் வாமனனாய் வந்து மூவடி இரந்ததும் வஞ்சனையன்றோ என்று சிலர் வினவுவர். அன்று. வந்தவன் யார் என்பதைச் சுக்ராசார்யர் மஹாபலிக்கு முன்னமே உணர்த்தினார். அறிந்தே அவன் தாரை வார்த்தான். பெற்றுக்கொண்ட எம்பெருமானும் அவனைக் கைவிடவில்லை; ஸுதலத்தில் அவன் வாசலைக் காத்து நின்றான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். மெய்யை மறைத்தலும், பொருள் கைக்கு வந்தபின் தானே மறைதலும் அன்றோ வஞ்சகனின் லக்ஷணம்!

1990களில் சென்னையில் மிகுந்த வட்டி தருவதாகக் கூறிய நிதி நிறுவனங்கள் பல வீழ்ந்து, எளியோரின் சேமிப்பு அழிந்தது. 1997-ல் முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்குரிய பிரிவான 420, மக்கள் வாக்கில் வசைச்சொல்லாகவே ஆயிற்று. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அக்குற்றம் 318ஆம் பிரிவுக்கு மாறியும், பழைய எண் வழக்கொழியவில்லை.

சட்டத்தின் எண் வசையானதில் வியப்பில்லை. ஆனால் பணத்தைப் பறிகொடுத்தவர் 'நாமம் போட்டுவிட்டான்' என்கிறார். 'எல்லாம் கோவிந்தா' என்று கைவிரிக்கிறார். நாம் நெற்றியில் தரிக்கும் திருவடிச் சின்னமும், திருமலை ஏறுகையில் முழங்கும் திருநாமமும் இப்பொருளில் வழங்குகின்றனவே! இதற்கு உலகத்தைக் கோபித்துப் பயனில்லை. திருமண் துலங்கும் நெற்றியைக் கண்டு ஒருவர் சீட்டுப்பணத்தையோ கைமாற்றையோ எண்ணிப் பாராமல் நம்மிடம் கொடுத்தால், அது எம்பெருமான் பேரில் நாம் பெற்ற கடன். அதைத் திருப்பாதவன் மனிதரை மட்டுமா வஞ்சிக்கிறான்? ஸந்நிதியில் நிற்கும் எம்போன்ற அர்ச்சகரும் இதற்கு விலக்கல்லர்.

சொல்லைத் திருத்த இலக்கணம் போதாது, ஒழுக்கம் வேண்டும். நாமம் தரித்தவன் வாக்குத் தவறான் என்று ஊரார் கூறும் நாளில் அச்சொல்லின் பழி தானே நீங்கும். உத்ஸவத்தில் 'கோவிந்தா' என்று முழங்குமுன், நம்மை நம்பியவர்களை ஒருமுறை நினைப்போமாக.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.