பார்வை வாத்து

பழந்தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கு இன்று நாம் மறந்துவிட்ட ஒரு பொருள் உண்டு. வேடன் பழக்கி வைத்து, அதன் இனத்தையே வலைக்கு அழைக்கப் பயன்படுத்தும் விலங்கோ பறவையோ பார்வை எனப்பட்டது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் அத்தகைய பெண்மான் ஒன்று வருகிறது. அதற்குமுன் ஒரு மரவாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்முனையில் தச்சரை ஓடாவி என்போம். ஓர் ஓடாவியின் மகன், என் மாணவன், வாப்பாவின் பட்டறையில் கழிந்த முள்முருக்கங் கட்டையில் வாத்தொன்று செதுக்கி வகுப்புக்குக் கொண்டுவந்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்டவற்றை நீரில் மிதக்கவிட்டுப் பறவைகளைச் சுடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தான். "சேர், சுட்டவனுக்குத்தானே பாவம்? செதுக்கினவனுக்கு என்ன?" என்று கேட்டான். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

1924இல் நெவாடாவின் லவ்லொக் குகையில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் பழங்குடி மக்கள் கோரையால் முடைந்த 11 வாத்துருவங்கள் கண்டெடுக்கப்பட்டன. பசிக்காகச் செய்த அவற்றைப் பழிக்க யாருக்கும் மனம் வராது. பின்னர் குடியேறிய வெள்ளையர் அதையே மரத்திலும் தக்கையிலும் செய்தனர். அலையில் கவிழாதிருக்க அடியில் ஈயம் பதிப்பார்கள். வெயிலில் மின்னினால் பறவை ஐயுறும். ஆகையால் மங்கலான வண்ணமே பூசுவார்கள். பறவைகள் காற்றை எதிர்நோக்கியே இறங்கும் என்பதறிந்து, மிதக்கும் கூட்டத்தின் நடுவே இறங்குமிடம் விட்டு வைப்பார்கள். சில வாத்துகள் உறங்கும் கோலத்திலும் சில இறகு கோதும் கோலத்திலும் இருக்கும். இத்தனை நுட்பமும் ஒரே செய்தியைச் சொல்லத்தான்: இங்கே அச்சமில்லை, இறங்கு. பறவைகள் தம்முள் வைத்திருக்கும் நம்பிக்கையே இங்கு கொலைக் கருவியாகிறது. (நம் தேர்தல் மேடைகளிலும் இவ்வாறு சிலர் மிதப்பதை வாசகர் அறிவர்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரச் சந்தைகளுக்காகப் பறவைகள் கூட்டங்கூட்டமாகச் சுடப்பட்டன. 1918இல் வந்த சட்டமே அவ்வணிகத்தை நிறுத்தியது. அதன்பின் மரவாத்து அலமாரிக்கு ஏறியது. எல்மர் குரோவெல் என்ற கைவினைஞர் 1952இல் இறந்தார். அவர் செதுக்கிய இரண்டு உருவங்கள் 2007இல் ஒவ்வொன்றும் 11 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயின. செதுக்கியவன் கைக்கும் அந்தப் பணத்துக்கும் என்ன உறவு என்று ஏலக்காரர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாணவனின் கேள்விக்கு வருவோம். மருதமுனைத் தறியில் சாரன் நெய்பவனுக்கு, அது எந்த இடுப்பில் ஏறும் என்பது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. மரவாத்தைச் செதுக்கியவனின் நிலை வேறு. வண்ணம் மின்னலாகாது என்று எண்ணிய கணமே, யாரை ஏமாற்ற அது செய்யப்படுகிறது என்பதை அவன் அறிந்துவிட்டான். எனவே அவன் முற்றிலும் குற்றமற்றவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மறுத்தால் அன்று மாலை அடுப்பெரியாது என்ற நிலையில் உளியெடுத்தவனையும், அவனிடம் நூறு வாத்து கேட்ட வணிகனையும் ஒரே தராசில் நிறுக்கவும் மாட்டேன். பொழுதுபோக்காக வீட்டில் பட்டறை வைத்துச் செதுக்குபவனுக்கோ, மறுக்கும் உரிமை முழுவதுமாக உண்டு. பொறுப்பும் அந்த அளவுக்கு உண்டு.

புறநானூற்றுக் காட்சி இதுதான்: வேடன் அயர்ந்து உறங்குகிறான். முற்றத்தில் அவன் வைத்திருந்த பார்வைப் பெண்மானிடம் காட்டிலிருந்து ஒரு கலைமான் வந்து கூடி விளையாடுகிறது. பொறி பலித்துவிட்டது. மனைவி பார்க்கிறாள், கணவனை எழுப்பவில்லை. அவன் விழித்துவிடுவானோ, கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என்றஞ்சி அசையாமல் நிற்கிறாள். காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் காடையும் தின்கின்றன. அவற்றை விரட்டவும் அவள் குரலெடுக்கவில்லை. இழப்பு அவளுடைய வீட்டு உணவு.

இக்கதையை மறுநாள் வகுப்பில் சொன்னேன். ஒக்டோபர் மாதமளவில் வடக்கேயிருந்து நம் களப்புகளுக்கு வரும் நீலச்சிறகிகளைப் பற்றியும் பேச்சு வந்தது. பிறகு அவனுடைய வாத்தை வாளி நீரில் விட்டுப் பார்த்தோம். ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "ஈயம் வைக்கவில்லையா?" என்றேன்.

"தங்கச்சிக்கு விளையாடத்தானே, சேர்" என்றான்.