மதியத்தில் ஓர் இருக்கை

பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து மூன்றரை மணிவரை ‘பப்’ எனப்படும் மதுக்கூடங்களை மூடியே வைக்க வேண்டும் என்று 1927-இல் அயர்லாந்தில் ஒரு சட்டம் வந்தது. டப்ளின், கார்க் போன்ற நகரங்களுக்கான சட்டம் அது. மதியம் வந்தவர்கள் குடித்துக்கொண்டே உட்கார்ந்துவிடாமல் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அரசின் எண்ணம். அந்த ஒரு மணி நேரத்துக்கு மக்கள் ‘புனித நேரம்’ என்று பெயர் வைத்தார்கள். வாரநாட்களில் அது ஒழிந்தது 1988-இல்தான். அறுபது ஆண்டுகளாக ஓர் அரசு, சாப்பாட்டுக்குப் பின் மனிதர்கள் எழாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அஞ்சியிருக்கிறது. குடியால் குடும்பங்கள் சிதைவதைப் பார்த்த எவருக்கும் அந்த அச்சம் விளங்கும். எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் அந்த உட்கார்தலில் மனிதருக்கு மிகவும் வேண்டிய ஒன்று இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கையைத் தந்தது டப்ளினின் கிளைத் தெரு ஒன்றில் இருந்த, பெயர்பெறாத ஒரு பப். வாரநாள் மதியம், மழை. எனக்கு மதுப் பழக்கம் இல்லை. கவுண்டரில் நின்று அன்றைய சூப்பும் தேநீரும் கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் முகத்தில் வியப்பில்லை. சின்ன எவர்சில்வர் கெண்டியில் தேநீர் வந்தது. பக்கத்து முக்காலியில் இருந்த பெரியவர் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், நானும் இரண்டு வார்த்தை சொன்னேன், அவர் செய்தித்தாளுக்குத் திரும்பினார். மஞ்சள் மேலங்கியோடு வந்த கட்டடத் தொழிலாளர்கள் தட்டேந்தி வரிசையில் நின்று, வாட்டிய இறைச்சித் துண்டுகளும் மசித்த உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டார்கள். ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

சூப்போடு வந்தது பழுப்பு நிறச் சோடா ரொட்டி. அயர்லாந்தின் மழையில் விளையும் கோதுமை மென்மையானது, பசைத்தன்மை குறைந்தது. ஈஸ்ட் இட்டுப் பொங்கவைக்கும் ரொட்டிக்கு அவ்வளவாக ஒத்துவராது. அதனால் ஆப்பசோடாவும் மோரும் சேர்த்து, அதிகம் பிசையாமல் அப்படியே அடுப்பில் வைத்துவிடுவார்கள். தடிமனாக அறுத்த இரண்டு துண்டு, மேலே தாராளமாக வெண்ணெய். யாரையும் அசத்துவதற்காகச் செய்த உணவல்ல. அதை உண்பவரும் யாரையும் அசத்த வேண்டியதில்லை.

நாம் சாப்பிடும் இடங்களில் பெரும்பாலானவை நம்மிடம் ஏதோ ஒரு வேடத்தைக் கேட்கின்றன. வீட்டில் நாம் தந்தை, மகள், மருமகள். பரிமாறியவரின் மனம் கோணாமல் உண்ண வேண்டும். விருந்தில் முறை பார்க்க வேண்டும். அலுவலக உணவறையில் மேலாளர் எந்த மேசையில் இருக்கிறார் என்று கவனிக்க வேண்டும். இவை தவறு என்று நான் சொல்லவில்லை. உறவு என்றால் இந்தக் கணக்குகளும் சேர்ந்ததுதான். ஆனால் நாளெல்லாம் யாருக்கோ ஏதோவாக இருப்பவருக்கு, யாருக்கும் எதுவுமாக இல்லாமல், அதேசமயம் மனிதர்கள் நடுவிலேயே இருக்க ஒரு நாழிகை வேண்டும். பூட்டிய அறைக்குள் கிடைக்கும் தனிமையில் இது கிடைப்பதில்லை. சுற்றிலும் பேச்சுக்குரல் இருக்க வேண்டும். அது நம்மிடம் பதில் கேட்காமலும் இருக்க வேண்டும்.

எந்த வேடமும் கேட்காமல் எவரையும் உட்கார விடும் இந்தத் தாராளம் பப்புக்குப் பிறவியிலேயே வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் பொதுக் கூடம் ஆண்களுக்கானதாகவே இருந்தது. பெண்கள் ‘ஸ்னக்’ எனப்படும் தடுப்பறைக்குள் கண்மறைவாக உட்கார வேண்டியிருந்தது. பெண்ணுக்குப் பெரிய கோப்பையில் பீர் ஊற்ற மறுத்த கடைகளும் இருந்தன. அந்த மறுப்பைச் சட்டவிரோதமாக்கியது 2000-ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டம். 2004 மார்ச்சில், பணியிடங்கள் எங்கும் புகைபிடிப்பதை நாடு முழுவதும் தடைசெய்த உலகின் முதல் நாடானது அயர்லாந்து. பப்களிலும் புகை விலகியது. 2011-இல் மது அருந்தி வண்டி ஓட்டுவோருக்கான வரம்பும் இறுக்கப்பட்டது. மதுவை மட்டுமே நம்பிப் பிழைக்க முடியாத கடைக்காரர்கள் அடுப்படியை நம்பத் தொடங்கினார்கள். சூப்பும் சாண்ட்விச்சும் தேடி, முன்பு வாசலோடு நின்றவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள். நான் கண்ட இளம் தாய்க்கும், மது தொடாத எனக்கும் இடம் கிடைத்தது இப்படித்தான்.

வெளியாளுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதை அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் முன்பே உணர்ந்திருந்தார். 1922-இல் வெளிவந்த ‘யுலிசிஸ்’ நாவலில் 1904 ஜூன் 16 மதியம் பசியோடு அலைகிறார் லியோபோல்டு புளூம். யூத வழி வந்தவர்; டப்ளினிலேயே பிறந்தும் முழுதாக உள்ளே சேர்க்கப்படாதவர். ஓர் உணவகத்தில் ஆண்கள் அள்ளி விழுங்குவதைப் பார்த்து அருவருத்து வெளியேறி, டியூக் தெருவில் இருக்கும் டேவி பர்ன் பப்புக்குப் போகிறார். ஒரு சீஸ் சாண்ட்விச்சும் ஒரு கோப்பை ஒயினும்தான் அவர் உணவு. அங்கே தெரிந்தவர் ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார், பின் விட்டுவிடுகிறார். புளூமின் மனம் இளமைக் காலத்துக்குப் போய் மீள்கிறது. நாள் முழுவதும் ஓரங்கட்டப்படும் ஒருவருக்குக் கிடைத்த இளைப்பாறல் அது. அந்தப் பப் இன்றும் அதே தெருவில் இருக்கிறது; ஆண்டுதோறும் ஜூன் 16 அன்று அங்கே போய் அதே சாண்ட்விச்சைச் சாப்பிடுகிறார்கள் வாசகர்கள்.

இன்று அயர்லாந்தின் கிராமப் பப்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. மதுக்கடை குறைந்தால் நல்லதுதானே என்று நம்மில் பலர் நினைப்போம். மது குறைவது நல்லதே. ஆனால் தனியே வாழும் ஒரு முதியவர் மதியத்தில் வந்து உட்கார்ந்த இருக்கையும் அதோடு போய்விடுகிறது. அவருக்குச் சூப்பை வீட்டிலும் காய்ச்சிக்கொள்ளத் தெரியும். மழையைப் பற்றிய அந்த இரண்டு வார்த்தை மட்டும் வீட்டில் கிடைக்காது. மதுவைக் கழித்துவிட்டு அந்த இருக்கையைக் காப்பாற்ற வழி தேடுவதே அறிவுடைமை. தனியாக வரும் ஒருவர் ஒரு கிண்ணம் சூப்பின் விலைக்கு, யாருக்கும் காரணம் சொல்லாமல், ஒரு மணி நேரம் உட்கார இடம் இருக்கிறதா என்பதை வைத்தும் ஓர் ஊரின் நலத்தை நாம் அளக்க வேண்டும்.