அழைப்பவளும் அமர்த்துபவனும்

விலைமகளிரைப் பற்றி எண்ணுங்கால் நமக்கு வள்ளுவர் நினைவு வருதல் இயல்பே. ‘வரைவின் மகளிர்’ என்னும் 92ஆம் அதிகாரத்தில் அவர் அப்பெண்டிரைக் கடுமையாகவே பழித்தார். எனினும் அறிவுரை நாடிச் செல்லும் ஆடவனுக்கே.

நம் நாட்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தின் நோக்கு வேறு. 1956இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு, பொதுவிடத்தார் காணும்படி சன்னலருகிலோ மேன்மாடத்திலோ அமர்ந்து சொல்லாலும் சைகையாலும் அழைப்பதைக் குற்றமென்கிறது. முதன்முறை பிடிபடும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அவ்வாறே அழைக்கும் ஆணுக்கோ, 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரையே. இச்சலுகைக்கு நியாயம் யாதோ, நமக்கு விளங்கவில்லை.

பொருள் கொடுத்து அமர்த்துபவனை என் செய்வது? கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு 200 மீட்டருக்குள் எனில் 7ஆம் பிரிவு இருவரையும் தண்டிக்கும். தொலைபேசி வழியே ‘துணை’ வேண்டி, அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள விடுதியறைக்கு வரவழைப்பவன் குற்றவாளியா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒருமித்த கருத்துடையன அல்ல. தெருவில் நிற்கும் ஏழை கண்ணிற் படுகிறாள். அறையிலிருக்கும் செல்வன் படுவதில்லை. ஒழுக்கத்தைக் காப்பதாகக் கூறி நாம் தெருவின் தோற்றத்தையே காக்கின்றோமோ என்னும் ஐயம் எழுகின்றது.

8ஆம் பிரிவை நீக்கவும், கடத்திக் கொணரப்பட்ட பெண்ணிடம் செல்வோனைத் தண்டிக்கவும் 2006இல் மக்களவையில் ஒரு மசோதா கொணரப்பட்டது. 2009இல் அவை கலைந்தபோது அது காலாவதியாயிற்று.