தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்

நோய் ஏன் வந்தது என்பதற்கு மதம் விடை சொல்லியாக வேண்டுமா? நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் பால்குடமும் அக்னிச் சட்டியும் எடுக்கிற மரபைக் கவனித்தால், அங்கே அந்தக் கேள்வி பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிக்க மாட்டார்கள், வெளியாளை உள்ளே விட மாட்டார்கள். படுத்திருப்பவரைப் பாவியென்று பார்க்காமல், ஆத்தா இறங்கிய உடம்பென்று பார்த்தார்கள். அந்த விலக்குக்கு ஒரு கெடுவும் இருந்தது. தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றிவிட்டால் அவர் மறுபடி பந்தியில் உட்காரலாம். பெண் பார்க்கும் இடத்தில் தழும்பைப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள்தான். ஆனால் சோற்றுக்கும் பேச்சுக்கும் தடை நீங்கிவிடும்.

புற்றுநோய்க்கு அப்படியொரு தண்ணீர் இல்லை. ஒட்டிக்கொள்ளாத நோய்க்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கர்ப்பப்பைவாய்ப் புற்று போன்ற சிலவற்றுக்குக் கிருமி காரணம் என்பது உண்மை; அப்போதும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் புற்று பரவாது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் ‘அந்த வியாதி வந்தவங்க’ என்ற அடையாளம் மட்டும் போவதில்லை. மகளின் கல்யாணப் பேச்சு வரை கூடவே வருகிறது. அச்சம் மட்டுமே காரணமென்றால் மருத்துவர் சொன்னதும் அது விலகியிருக்கும். ‘என்ன பாவம் செய்தாளோ’ என்ற வினைக் கணக்குதான் அதற்கு நியாயம் கற்பிக்கிறது.

வினைக் கொள்கை நோயாளிக்கு ஆறுதல் தருவதில்லையா என்று கேட்கலாம். தரும், அவரே தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது. பக்கத்து வீட்டார் சொன்னால் அது தீர்ப்பு. வினையை நம்பும் சைவமே அந்தத் தீர்ப்புரிமையை யாருக்கும் தரவில்லை. பெரியபுராணத்தில் சூலை நோயோடு வரும் மருள்நீக்கியார், தமக்கை திலகவதியாரின் சமயத்தை விட்டுப் போனவர். அந்த நோய் இறைவன் தந்தது என்றே காப்பியம் சொல்கிறது. ஆனாலும் தன்னிடம் வந்து விழுந்தவரிடம் திலகவதியார் கணக்குக் கேட்கவில்லை. திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துப் போகிறார். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். விதியென்று அவர் ஓய்ந்துவிடவில்லை. அவர் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது.

மாரி வழிபாட்டுக்கு நான் துதிபாடுவதாக ஒருவர் குறை சொன்னால் அதில் பாதி சரி. பெரியம்மையை உலகத்தைவிட்டு ஒழித்தது தடுப்பூசி, வேப்பிலை அல்ல. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. சடங்கு குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வது, எந்த நாளில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்று ஊருக்கு அது ஒரு முறை வகுத்தது. புற்று திரும்பவும் வரலாமே, எந்த நாளைக் குறிப்பது என்பது கடினமான மறுப்பு. ஆனால் மூன்றாம் தண்ணீரும் மருத்துவச் சான்றிதழாக இருந்ததில்லை. அது உடம்பைப் பற்றிய உறுதிமொழி அல்ல. தெரு தன் பங்குக்கு எடுத்துக்கொண்ட கடமை. கடைசி ஊசி போட்டு வீடு திரும்பும் நாளில், பரிசோதனைகள் இன்னும் பாக்கியிருக்கும்போதே, அதை நிறைவேற்றலாம்.