சத்தம் போடாதீர்கள்!

ஆஸ்பத்திரிச் சுவர்களில் பெரிய எழுத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டளை யாருக்கு என்று நான் யோசித்ததே இல்லை. என் தாயாரின் கட்டிலருகே நாலு இரவு உட்கார நேர்ந்த பிறகுதான் யோசித்தேன்.

அந்த வார்டில் எட்டுக் கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு யந்திரம். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று கூவும். மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிடும். கதவு படீரென்று சாத்திக்கொள்ளும். அம்மா கண்ணை மூடுவாள். உடனே திடுக்கிட்டு விழிப்பாள்.

இரண்டாம் இரவு, யந்திரம் வெகுநேரம் கூவியும் நர்ஸ் வரவில்லை. "மணி அடிப்பது காதில் விழவில்லையா, சிஸ்டர்?" என்று சீறினேன்.

"விழுந்துகொண்டே இருக்கிறது, ஸார். அதுதான் கஷ்டம். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் அடிக்கிறது. மூச்சுத் திணறினாலும் அடிக்கிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் அடிக்கிறது" என்றாள் அந்தப் பெண், கிளிப்பைச் சரிசெய்துகொண்டே.

என் கோபம் அடங்கிவிட்டது. அவள் சொன்னது சாக்குப்போக்கல்ல. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பரிசோதிக்கும் ஜாயிண்ட் கமிஷன் 2013-ல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, இத்தகைய மணிகள் சம்பந்தமான 98 சம்பவங்கள் அதற்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தவை. ஓயாத மணியோசையில் காது மரத்துப் போவதும் அதற்கு ஒரு காரணம். 'புலி வருகிறது' என்று கூவிய சிறுவன் கதைதான்.

நோயாளிக்கு வேண்டாத சத்தம் கொடுமை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே எழுதிவிட்டார். வார்டில் இரவுச் சத்தம் 30 டெஸிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் வகுத்தது. நமது நாட்டிலும் 2000-ம் ஆண்டு விதிகள், ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக்க வழி செய்தன. வாசலில் ஹாரனைத் தடுக்கலாம். உள்ளே கூவும் யந்திரத்தை எந்தப் பலகை தடுக்கும்?

அமைதியைச் சுவரில் எழுதினால் போதாது. கட்டிடத்திலேயே கட்ட வேண்டும். ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகை, வண்டிக்கு ரப்பர் சக்கரம், மெல்லச் சாத்தும் கதவு, வார்டு முழுவதற்கும் கூவாமல் நர்ஸின் கையிலுள்ள கருவிக்கு மட்டும் சேதி சொல்லும் மணி: இவையெல்லாம் மனிதனால் ஆகாதவையல்ல.

ஆனால் பழியை யந்திரத்தின் மேலேயே போட்டுவிட எனக்கு யோக்கியதை இல்லை. மூன்றாம் இரவு ஒரு சிநேகிதர் போன் செய்தார். வராந்தாவில் நின்று வாய்விட்டுச் சிரித்துப் பேசினேன். திரும்பி வந்தபோது அடுத்த கட்டில் பெரியவர், "அம்மா ரெண்டு தரம் தண்ணி கேட்டாங்க, தம்பி. எனக்கு எழுந்திருக்க முடியலே" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அமைதி என்பதை இதுவரை ஒரு மரியாதை என்றே எண்ணியிருந்தேன். அது மரியாதை அல்ல, கடமை. உரக்கக் கூப்பிடச் சக்தியற்றவர்கள் படுத்திருக்கும் இடம் அது. அவர்களுடைய மெல்லிய குரல் நம் காதில் விழ வேண்டுமானால், மற்றச் சத்தங்கள் ஒதுங்கி வழிவிடத்தான் வேண்டும்.

நாலாம் இரவு போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.